ஓரம் வெட்டப்பட்ட லட்சுமி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழம்பொருள் வாங்கப் போகிறவர்கள் தேக்குத் தூண், கதவு நிலை, பீங்கான் ஜாடி, எனாமல் அடுக்கு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்கள். சுவரோரம் சாய்த்து வைத்த சாமி படங்களைப் புரட்டுகிறவர்கள் முன்பெல்லாம் குறைவு. இப்போது பலருக்கும் அந்த அடுக்கின்மேல்தான் முதலில் கண் போகிறது. புது வீட்டுக் கூடத்துக்குப் பழைய ரவிவர்மா படம் ஒன்று வேண்டும் என்று தேடி வருகிறார்கள். இடிபடும் வீடுகளிலிருந்து வரும் படங்கள் அப்படியே இன்னொரு வீட்டுச் சுவருக்குப் போய்விடுகின்றன. எந்த வீட்டிலிருந்து வந்தது, எங்கே அச்சானது, யார் கண்ணாடி போட்டார் என்ற செய்திகள் இடையிலேயே உதிர்ந்துவிடுகின்றன.

மதுரையில் வீடு கட்டிய ஒரு தம்பதி அப்படி வாங்கிய லட்சுமி படத்தோடு என்னிடம் வந்தார்கள். தாமரைமேல் நிற்கும் லட்சுமி. பக்கத்தில் துதிக்கையில் மாலை ஏந்திய யானை. புடவைக்கும் நகைகளுக்கும் ஜரிகையும் சம்கியும் வைத்துத் தைத்திருந்தது. சுற்றிலும் கனமான தேக்குச் சட்டம். விற்றவர், "ரவிவர்மா கையெழுத்துப் போட்டது, 1894ஆம் வருஷத்து முதல் அச்சு" என்று சொல்லியிருக்கிறார்.

"விலை கொடுத்தது கொடுத்ததுதான் சார். வீட்டுக்கு வர்றவங்க கேட்டா உண்மையைச் சொல்லணும். இது எப்ப, எங்க அச்சானது?" என்று கேட்டார் அந்த அம்மா.

பழைய அச்சுப்படம் வாங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. விடை படத்தின் அடியோரத்தில் இருக்க வேண்டும். அச்சகத்தின் பெயரும் ஊரும் அங்கேதான் அச்சிடப்படும். ஆனால் கண்ணாடிக்குள் பார்த்தவரை இந்தப் படத்துக்கு ஓரமே இல்லை. சட்டத்தின் அளவுக்காக யாரோ எப்போதோ நான்கு பக்கமும் வெட்டியிருந்தார்கள்.

விற்றவர் சொன்ன இரண்டு செய்திகள்

'முதல் அச்சு' என்பதை அச்சகத்தின் வரலாற்றோடு ஒப்பிட்டேன். ரவிவர்மாவின் ஓவியங்களை அச்சிட்டுப் பரப்பலாம் என்ற யோசனையை 1884இல் அவருக்குக் கடிதமாக எழுதியவர், திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ். கும்பகோணத்தில் பிறந்தவர். தேர்ந்த சில ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஓலியோகிராஃபாக அச்சிடச் செய்யலாம் என்பது அவர் சொன்ன வழி. ரவிவர்மா பத்தாண்டு கழித்து வேறு வழியில் போனார். 1894இல் தம்பி ராஜராஜ வர்மாவோடு சேர்ந்து பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் தொடங்கினார். ஜெர்மன் தொழில்நுட்பர்கள் வந்து வேலை பார்த்தார்கள். அங்கே முதலில் அச்சேறிய படம் 'சகுந்தலை ஜனனம்': குழந்தையை நீட்டும் மேனகை, கையை உயர்த்தி முகம் திருப்பும் விசுவாமித்திரர். ஆகவே இந்த அச்சகத்தின் முதல் அச்சாக ஒரு லட்சுமி படம் இருக்க வழியில்லை.

கையெழுத்து என்று விற்றவர் காட்டியதும் படத்துக்குள்ளேயே இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், பக்கத்திலிருக்கும் இலையின் நிறம் எப்படிப் புள்ளிகளால் ஆனதோ, எழுத்தும் அப்படியே அச்சு மையால் ஆனது. ஓவியத்தில் ரவிவர்மா இட்ட கையெழுத்தையும் சேர்த்தே அச்சுக்கல்லில் வரைந்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் அச்சான எல்லாப் படிகளிலும் அதே இடத்தில் அதே கையெழுத்து இருக்கும். கையால் போட்டதென்றால் மை காகிதத்தின்மேல் ஏறி நிற்கும். பேனா அழுந்திய தடம் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். இதில் இரண்டும் இல்லை.

ஆக, விற்றவர் சொன்ன செய்திகளை ஒதுக்கிவிட்டு, படத்தையே சாட்சியாக வைத்துத் தொடங்க வேண்டியிருந்தது.

லென்ஸ் காட்டியது

பழையதா, பழையதுபோல் செய்ததா என்பதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் போதும். இன்றைய ஆஃப்செட் அச்சில் நான்கு நிற மைகளும் ஒழுங்கான வரிசையில் புள்ளிகளாக விழுந்து சின்னச் சின்ன ரோஜா வட்டங்களாகத் தெரியும். கணினி அச்சில் தூவியதுபோல நுண்துளிகள் தெரியும். கல்லச்சில் இந்த இரண்டு ஒழுங்கும் இருக்காது. அங்கே புள்ளிகள் மனிதக் கை வைத்தவை. ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கும்.

கல்லச்சு 1790களின் பிற்பகுதியில் அலாய்ஸ் செனஃபெல்டர் பவேரியாவில் கண்டுபிடித்த முறை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவார்கள். கல்லை நீரால் நனைத்தால், வரைந்த இடம் நீரை ஏற்காது. மற்ற இடம் மையை ஏற்காது. உருளையால் மை தடவிக் காகிதத்தை அழுத்தினால் வரைந்தது மட்டும் காகிதத்தில் ஏறும். வண்ணப் படத்துக்கு நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். லட்சுமியின் கன்னத்து இளஞ்சிவப்புக்கு ஒன்று, நிழலின் பழுப்புக்கு ஒன்று என்று பத்துப் பன்னிரண்டு கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே காகிதத்தில் பதிய வேண்டும். ஒரு கல் மயிரிழை விலகினாலும் உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டிவிடும். கடைசியில் வார்னிஷ் பூசி, சிலவற்றில் கித்தான் துணியின் இழைபோல அழுத்தத் தடமும் கொடுத்தால் எண்ணெய் ஓவியத்தின் சாயல் வந்துவிடும். ஓலியோகிராஃப் என்பது அதுதான்.

மதுரைத் தம்பதியின் லட்சுமியில் கைப்புள்ளிகள் தெளிவாக இருந்தன. இடது தோளில் சிவப்புக் கல் சற்றே விலகியிருந்தது. வார்னிஷ் மஞ்சளாகி மெல்லிய கீறல் விட்டிருந்தது. கல்லச்சுதான் என்பது உறுதி.

ஒரு மூலையில் ஜரிகை தானாகவே பிரிந்து தொங்கியது. அதன் அடியில் தெரிந்த புடவைச் சிவப்பு, வெளியே இருந்த சிவப்பைவிடப் பல மடங்கு அடர்த்தி. நூறாண்டு வெளிச்சம் எவ்வளவு நிறத்தைத் தின்றிருக்கிறது என்பதை அந்த விரற்கடை அகலத்தில் பார்க்க முடிந்தது. அச்சாகிக் கொஞ்ச காலத்திலேயே, நிறம் மங்குவதற்கு முன்பே, ஜரிகை தைத்திருக்கிறார்கள் என்பதற்கும் அதுவே சான்று.

சட்டத்தின் பின்பக்கம்

பின்பக்கத்தைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு ஆணியையும் படமெடுத்தேன். பழைய படத்தைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோகும்போது நாம் முதலில் இழப்பது பின்பக்கத்தைத்தான். பழைய பலகை, பழைய காகிதம், துருப்பிடித்த ஆணி எல்லாம் குப்பைக்குப் போய், புதுப் பிளைவுட் ஏறிவிடும். இந்தப் படத்துக்கு அந்த விபத்து நேரவில்லை. ஆணித் துளைகள் ஒரே வரிசையாக இருந்தன. பிடுங்கி மறுபடி அடித்திருந்தால் பக்கத்தில் இரண்டாவது துளை இருந்திருக்கும். ஆகவே இந்தச் சட்டம் ஒருமுறை மூடப்பட்ட பிறகு திறக்கப்படவே இல்லை. அப்படியானால் உள்ளே இருப்பதெல்லாம் மூடிய நாளுக்கு முந்தையவை.

பலகைகளுக்கும் படத்துக்கும் நடுவில் தூசு புகாமல் இருக்க ஒரு செய்தித்தாள் வைத்திருந்தார்கள். தமிழ்த் தாள். தலைப்பும் தேதியும் இருக்க வேண்டிய மேல்பகுதி கிழிந்துபோயிருந்தது. மிச்சமிருந்த பத்திகளில் ஐரோப்பிய யுத்தத்தின் தந்திச் செய்திகள். கீழே யுத்தக் கடனுக்குப் பணம் கட்டச் சொல்லும் வேண்டுகோள். முதல் உலகப்போர்ச் செலவுக்காக இந்திய அரசு மக்களிடம் யுத்தக் கடன் திரட்டத் தொடங்கியது 1917இல். தேடும் எல்லை அங்கேயே சுருங்கிவிட்டது.

பத்தி அமைப்பும் எழுத்துருவும் சுதேசமித்திரனுடையவை போல இருந்தன. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழாக்கிய பத்திரிகை அது. நூலகம் ஒன்றில் அதன் மைக்ரோஃபிலிம் சுருள்களை வாங்கி, 1917ஆம் ஆண்டுத் தாள்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன். நம் கையிலிருக்கும் கிழிசலின் விளிம்பு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல் அந்தப் பத்தியின் அதே வரியில் வர வேண்டும். கண் எரியும் வேலைதான். ஆனால் பொருந்தும் பக்கம் திரையில் வந்து நிற்கும்போது சந்தேகத்துக்கு இடமே இருக்காது. அது 1917ஆம் ஆண்டுத் தாள்தான்.

செய்தித்தாள் சட்டம் மூடிய காலத்தைச் சொல்கிறது. அச்சான காலத்தைச் சொல்வதில்லை. பழைய தாளை எடுத்து வைத்து மூடும் வழக்கம் உண்டு என்பதால் 1917இலோ சிறிது காலம் கழித்தோ சட்டம் மூடப்பட்டிருக்க வேண்டும். படம் அதற்கு முன்பே அச்சாகி வீட்டுக்கு வந்து, ஜரிகையும் தைத்து முடிந்திருக்கிறது. ஒரு பக்கத்து எல்லை கிடைத்துவிட்டது. மறுபக்கத்து எல்லைக்கு அச்சகத்தின் ஊர் தெரிந்தாக வேண்டும்.

பாதி எழுத்துகள்

ஊர் ஏன் முக்கியம்? 1890களின் பின்பாதியில் பம்பாயைப் பிளேக் நோய் ஆட்டிப்படைத்தது. அச்சகத்தை நடத்த முடியாமல் சகோதரர்கள் பட்ட பாட்டை ராஜராஜ வர்மாவின் நாட்குறிப்பில் படிக்கலாம். அது 2005இல் புத்தகமாகவும் வந்திருக்கிறது. 1899இல் அச்சகம் லோனாவ்லாவுக்குப் பக்கத்தில், கார்லா குகைகளுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு இடம் மாறியது. புது நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கடன் சுமை தாங்காமல் ரவிவர்மா அதை ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். ராஜராஜ வர்மா 1905இலும் ரவிவர்மா 1906இலும் காலமானார்கள். அச்சகம் ரவிவர்மாவின் பெயரோடு அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. அடியோரத்தில் பம்பாய் என்றிருந்தால் ஒரு காலம். கார்லா-லோனாவ்லா என்றிருந்தால் வேறொரு காலம்.

படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்தபோதுதான் அடிப்பக்கம் தெரிந்தது. மற்ற மூன்று பக்கமும் படத்தை ஒட்டி வெட்டியிருந்தார்கள். அடிப்பக்கத்தில் மட்டும் கத்தி கொஞ்சம் கீழே தள்ளி ஓடியிருந்தது. சட்டத்தின் பள்ளத்துக்குள் மறைந்திருந்த அந்தக் கீற்றில் ஒரு வரி ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இருந்தன. ஆனால் கத்தி அந்த வரியின் நடுவில் போயிருந்தது. எழுத்துகளின் மேல்பாதி மட்டுமே மிச்சம்.

ரவிவர்மா அச்சகம் என்ற சொற்களை எதிர்பார்த்த இடத்தில் அடையாளம் காண முடிந்தது. அதற்குப் பிறகு ஊர்ப் பெயர். பம்பாய் என்றால் ஆங்கிலத்தில் ஆறெழுத்து ஒரே சொல். இங்கே ஓர் இடைவெளி விட்டு இரண்டு சொற்கள் இருந்தன; முதலாவதில் ஐந்தெழுத்து, இரண்டாவதில் ஏழு. ஆங்கில 'ஏ'யின் மேல்பாதி கூம்பாகத் தெரியும். முதல் சொல்லில் இரண்டாம் இடத்திலும் ஐந்தாம் இடத்திலும் கூம்பு. இரண்டாம் சொல்லில் நான்காம் இடத்திலும் ஏழாம் இடத்திலும் கூம்பு. ஐந்தாம் இடத்தில் மேல்நோக்கி விரிந்த இரண்டு கோடுகள், அதாவது 'வி'. கார்லா, லோனாவ்லா என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்து ஒப்பிட்டேன். ஒவ்வொரு கூம்பும் அதனதன் இடத்தில் பொருந்தியது.

ஆச்சி வீட்டுப் படம்

பாதி எழுத்தை மட்டும் நம்பி முடிவு சொல்ல எனக்கு மனமில்லை. ஓரம் வெட்டாத இன்னொரு படி கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். செட்டிநாட்டு ஊர் ஒன்றில் அதே லட்சுமி ஒரு வளவில் தொங்குவதாகத் தெரிந்தவர் சொன்னார். கூரைக்கு அருகே, மேற்பகுதி முன்னோக்கிச் சாய்ந்திருக்க, வரிசையாக மாட்டிய படங்களில் அது ஒன்று. அந்த வீட்டு ஆச்சி ஏணி வைத்து இறக்கித் தரச் சொன்னார்.

"எங்க அப்பத்தா கையால தச்சது தம்பி. கல்யாணமாகி வந்த புதுசுல, மத்தியான நேரத்துல பொம்பளைகள்லாம் வளவுல உக்காந்து ஜரிகை வெட்டித் தப்பாகளாம். மாருக்குக் கீழ பஞ்சு வச்சுத் தச்சிருக்காக பாருங்க, தொட்டா மெத்துன்னு இருக்கும்."

கடையில் வாங்கிய அச்சுப்படத்தை வீட்டுப் பெண்கள் இப்படித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் அச்சான படம், ஒரு வீட்டுப் பெண் தைத்த பிறகு, வேறு எங்கும் இல்லாத ஒற்றைப் படமாகிவிடுகிறது. ஜரிகையை நீக்கிவிட்டு 'சுத்தமான' அச்சு வேண்டும் என்று கேட்கும் சேகரிப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தையலைப் பிரிப்பது பெயர் தெரியாத ஒரு கலைஞரின் வேலையை அழிப்பதாகும்.

ஆச்சி வீட்டுப் படத்தில் ஓரம் முழுதாக இருந்தது. அடியில் கார்லா-லோனாவ்லா என்ற முகவரியும் தெளிவாக இருந்தது. மதுரைப் படத்தின் பாதி எழுத்துகளை ஒளிபுகும் தாளில் நகலெடுத்துப் போயிருந்தேன்; வைத்துப் பார்த்ததும் வரிக்கு வரி ஒன்றாகப் படிந்தது. அடுத்து, கல்லின் குறை. மதுரைப் படத்தில் ஒரு தாமரை இலையின் பச்சையில் பிறைபோல ஒரு வெற்றிடம் இருந்தது. கல்லில் அந்த இடம் சிதைந்திருந்தால் அதிலிருந்து வரும் படிகளிலெல்லாம் அது இருக்கும். ஆச்சி வீட்டுப் படத்திலும் அதே இலையில் அதே பிறை. இரண்டும் ஒரே கல்லில் பிறந்தவை.

விடை இப்போது முழுமையானது. மதுரைத் தம்பதியின் லட்சுமி 1894ஆம் ஆண்டு முதல் அச்சு அல்ல. பம்பாயில் அச்சானதும் அல்ல. 1899க்குப் பிறகு மளவ்லியில் அச்சாகி, வீடு ஒன்றுக்கு வந்து, பெண்கள் கையால் ஜரிகை தைக்கப்பட்டு, 1917ஐ ஒட்டிச் சட்டத்துக்குள் மூடப்பட்ட கல்லச்சு. விற்றவர் சொன்ன கதையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. இதன் ஒவ்வொரு பகுதிக்கும் சான்று இருக்கிறது.

வாங்குகிறவர்களுக்கு

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: ஓரத்தை வெட்டாதீர்கள். அந்த மெல்லிய கீற்றுதான் அச்சகம், ஊர், உரிமை, விற்பனையாளர் எல்லாவற்றையும் தாங்குகிறது. பம்பாய் மோதி பஜாரின் அனந்த் சிவாஜி தேசாய் போன்ற விற்பனையாளர்களின் பெயர் தெரிவதும் அங்கேதான். ஷ்லைஷர் கைக்கு மாறிய அந்த அச்சகம் 1972இல் தீக்கிரையானது. அங்கே அழிந்ததை ஈடுசெய்ய நமக்கு மிஞ்சியிருப்பவை வீடுகளில் இருக்கும் படங்களும் அவற்றின் ஓரங்களும்தான். அளவு பொருந்தவில்லை என்றால் புதுச் சட்டம் செய்யுங்கள்.

வாங்கும் முன் லென்ஸ் வைத்துப் புள்ளிகளைப் பாருங்கள். தேயிலைச் சாற்றில் காகிதத்தைப் பழுப்பாக்கிவிடலாம். ஆஃப்செட் புள்ளியைக் கைப்புள்ளியாக்க முடியாது. கடையிலேயே பின்பக்கத்தைப் படமெடுங்கள். எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; இன்னொரு கை மாறினால் அந்தச் செய்தி போய்விடும். மரப்பலகை நேராகக் காகிதத்தில் பட்டால் அதன் அமிலம் பழுப்புக் கோடாக இறங்கும். நடுவில் அமிலமில்லா அட்டை வையுங்கள். கண்ணாடியும் படத்தில் ஒட்டக் கூடாது. இடையில் மவுண்ட் வேண்டும். லேமினேஷன் செய்தால் பிறகு மீட்கவே முடியாது. வெயில் விழும் சுவர், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவர், சமையலறைப் புகை மூன்றையும் தவிருங்கள். சட்டத்துக்குள் இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். நூறாண்டு கடந்த படம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் முதலில் அந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனிமனிதர், பிறர் கழித்த புத்தகம், இதழ், துண்டுத்தாள் என்று வாழ்நாள் முழுதும் சேர்த்தவைதான் இன்று சென்னையில் ஆய்வாளர்கள் தேடிவரும் நூலகமாக இருக்கின்றன. ஒற்றைப் படம் வைத்திருக்கும் வீடும் அதே வேலையைச் செய்ய முடியும்.

மதுரைத் தம்பதி பழைய தேக்குச் சட்டத்தை விடவில்லை. ஆழத்தை மட்டும் கூட்டி, அடியோரத்துப் பாதி எழுத்துகள் கண்ணாடி வழியே தெரியும்படி மவுண்ட் வைக்கச் சொன்னார்கள். செய்தித்தாள் தனி உறையில் பத்திரமாக இருக்கிறது. படத்தின் பின்பக்கம் ஒரு குறிப்புத் தாளையும் செருகியிருக்கிறார்கள்: கல்லச்சு, ரவிவர்மா அச்சகம், கார்லா-லோனாவ்லா, 1899க்குப் பின், ஜரிகைத் தையல், சட்டம் மூடியது 1917ஐ ஒட்டி, வாங்கியது காரைக்குடியில். ஒவ்வொரு முடிவுக்கும் கீழே அதற்கான சான்றையும் எழுதச் சொன்னேன். நாளை இந்தப் படம் யார் கைக்குப் போனாலும், அவர் அந்தச் சான்றுகளைச் சோதித்துப் பார்த்து, நான் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.